ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு

வெள்ளி

பாங்காக்கின் குதிரைப் பந்தயத் திடலைப் பார்க்க மட்டும் என்றால் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் ராச்சதம்ரி நிலையத்தில் இறங்கி, நடைமேடையிலேயே நின்று மேற்கே திரும்பினால் போதும். கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி. அதைச் சுற்றி வெள்ளை வேலி போட்ட ஓடுபாதை. பாதைக்கு உள்ளே கோல்ஃப் ஆடுகிறார்கள். நாலாபக்கமும் ஐம்பது அறுபது மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் இவ்வளவு பெரிய வெற்றிடம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இந்தப் பயணமே அந்தக் கேள்விக்காகத்தான் என்று சொல்லலாம்.

தங்கியிருப்பது சிலோம் பக்கம், பான் சாலை மாரியம்மன் கோவிலுக்கு அருகில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிழைக்க வந்த தமிழர்கள் கட்டிய கோவில். மல்லிகை, சாமந்தி மாலைகளோடு தாய்லாந்துக்காரர்கள்தான் இப்போது வரிசையில் அதிகம். அங்கிருந்து ராச்சதம்ரி சில நிறுத்தங்கள்தான். அறையில் பையை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

திடல் ராயல் பாங்காக் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு உரியது. 1901-ல் ஐந்தாம் ராமர், அதாவது மன்னர் சுலாலங்கோர்ன், அரச சாசனம் கொடுத்துத் தொடங்கிய சங்கம். அதற்கு முன்பே இந்த ஊருக்குப் பந்தயம் வந்துவிட்டது. 1897-ல் மன்னர் தன் முதல் ஐரோப்பியப் பயணத்தை முடித்துத் திரும்பியபோது, வரவேற்பின் ஒரு பகுதியாக அரண்மனைக்கு முன்னால் இருக்கும் சனாம் லுவாங் மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவர்களும் இங்கே தொழில் செய்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து பிடித்துக்கொண்ட ஆசை அது. அதனால்தானோ என்னவோ, பந்தயம் பார்க்கிற சாதாரண மக்கள் இந்தத் திடலை இன்றும் ‘சனாம் ஃபரங்’ என்றே சொல்கிறார்கள்: வெள்ளைக்காரர் திடல். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தாய்லாந்தின் செல்வந்தர்களாக ஆகி வெகுகாலம் ஆன பிறகும் பெயர் மாறவில்லை.

இந்தப் புல்லில் குதிரை மட்டும் ஓடவில்லை. தாய்லாந்து மண்ணில் முதல் விமானம் பறந்தது இங்கேதான். 1911 ஜனவரி 31 அன்று சார்ல்ஸ் வான் டென் போர்ன் என்ற பெல்ஜிய விமானி, ஹென்றி ஃபார்மன் இரட்டை இறக்கை விமானம் ஒன்றை இந்த ஓடுபாதை நடுவிலிருந்து கிளப்பிக் காட்டினார். பார்த்தவர்கள் சும்மா கைதட்டிவிட்டுப் போகவில்லை. மூன்று ராணுவ அதிகாரிகளைப் பிரான்சுக்கு அனுப்பிப் பறக்கக் கற்க வைத்தார்கள். அவர்கள் திரும்பி வந்து 1913 டிசம்பரில் இதே திடலில் தாங்களே ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் தேங்கும் தாழ்நிலம், விமானத்துக்குச் சரிப்படவில்லை. மறுவருடம் வடக்கே மேடான இடம் பார்த்து மாறிப் போனார்கள். அந்த இடம்தான் டான் முவாங் விமான நிலையம். இன்று நான் வந்து இறங்கியதும் அங்கேதான்.

இருட்டுவதற்குள் ஒரு சுற்று நடந்தேன். திடலின் மேற்கு எல்லையில் ஓடும் சாலைக்கு இப்போது ஹென்றி டூனான் சாலை என்று பெயர். செஞ்சிலுவை இயக்கத்தைத் தோற்றுவித்தவரின் பெயர், பக்கத்திலேயே செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனையும் பாம்புப் பண்ணையும் இருப்பதால் 1965-ல் வைத்தது. அதுவரை இது சனாம் மா சாலை. பந்தயத் திடல் சாலை. எதிரே சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்து மாணவர்கள் வெள்ளைச் சட்டையோடு கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த காவலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் உண்டா என்று சைகையும் சில சொற்களுமாகக் கேட்டேன். உண்டு என்று தலையாட்டி, மதியம் என்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.

கேட்டுக்கொள்வது அவசியம். பந்தயம் இங்கே ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறுதான். நடுவில் வரும் ஞாயிறு இன்னொரு திடலுக்கு உரியதாக இருந்தது. நாளை அங்கே போகிறேன். அந்தத் திடல் இப்போது இல்லை.

சனி

காலையில் ராச்சதேவி பக்கம் ஹுவா சாங் படித்துறையில் படகு ஏறினேன். சேன் சேப் கால்வாய்ப் படகில் போவது ஒரு தனி அனுபவம். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் படுதாவை உயர்த்தாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் முகத்தில் அடிக்கும். போபே துணிச் சந்தையில் இறங்கி, பதுங் குருங் காசெம் கால்வாயை ஒட்டி வடக்கே நடந்தால் நாங் லோங் வந்துவிடுகிறது.

ராயல் டர்ஃப் கிளப் இங்கேதான் இருந்தது. 1916-ல், ஆறாம் ராமர் காலத்தில் தொடங்கியது. நேற்றுப் பார்த்தது வெள்ளைக்காரர் திடல் என்றால் இது ‘சனாம் தாய்’, அதாவது தாய்லாந்துக்காரர் திடல். ஒரு நூற்றாண்டு அந்த இரண்டு திடல்களும் ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொண்டன. நிலம் அரச சொத்து நிர்வாகத்துடையது. காலி செய்யச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 16 அன்று கடைசிப் பந்தயம். பிறகு பார்வையாளர் மாடங்களை இடித்தார்கள்.

இப்போது அங்கே ஒன்பதாம் ராமர் நினைவுப் பூங்கா. 279 ராய், நம் கணக்கில் ஏறக்குறைய 110 ஏக்கர். நடுவில் ஒன்பதாம் ராமரான மன்னர் பூமிபோலின் பெரிய வெண்கலச் சிலை, 2022 அக்டோபர் 13 அன்று, அவருடைய நினைவு நாளில் திறந்து வைத்தது. மழைக்காலத்தில் நகரத்து வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும்படி நீர்நிலைகளை அமைத்திருக்கிறார்கள். வாழைப்பழத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தின்னும் குரங்கைப் பார்த்து பூமிபோல் இந்த முறைக்குக் ‘குரங்குக் கன்னம்’ என்று பெயர் வைத்தார். நான் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். ஒழுங்காக நட்ட இளமரங்கள், வளைந்த நீர்நிலை, தூரத்தில் சிலை. ஓடுபாதை எந்தப் பக்கம் வளைந்தது என்று எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை.

சென்னைக்காரனுக்கு இதைப் பார்த்துவிட்டுக் கிண்டிப் பந்தயத் திடல் நினைவு வராமல் இருக்காது. 2024 செப்டம்பரில் நம் அரசு அந்த 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து வாசலைப் பூட்டி சீல் வைத்தது. அங்கும் பூங்கா, நீர்நிலை என்றுதான் பேச்சு. பூங்காவை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பாங்காக்கிலும் சென்னையிலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடங்களை யாரும் மறக்கவில்லை. ஆனால் ஒரு இடத்தை மாற்றுகிறபோது அங்கே என்ன நடந்தது என்று சொல்லும் ஒரு பலகையாவது வைக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஏனென்றால் நாங் லோங் சாதாரண இடமில்லை.

1973 அக்டோபர் 14. மாணவர் எழுச்சி ராணுவ ஆட்சியை வீழ்த்தியது. அந்த ஆட்சியின் தலைவர் தனோம் கிட்டிகச்சோர்ன் நாட்டை விட்டு ஓடினார். தம்மசாத் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சான்யா தம்மசக்தி பிரதமரானார். புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு மன்றம் வேண்டும்; பழைய ஆட்சி நியமித்த ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. மன்னர் பல தொழில்களிலிருந்தும் பல ஊர்களிலிருந்தும் 2,347 பேரை நியமித்து, தங்களுக்குள்ளிருந்து 299 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அத்தனை பேரை உட்கார வைக்க எந்த மண்டபமும் போதவில்லை. அந்த டிசம்பரில் அவர்கள் கூடியது நாங் லோங் பந்தயத் திடலில். ‘பந்தயத் திடல் மன்றம்’ என்றே வரலாற்றில் பெயர். அந்த 299 பேர் கொண்ட அவைதான் 1974-ன் அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. வாரம் முழுக்க உழைத்துவிட்டுப் பந்தயச் சீட்டு வாங்க வந்தவர்கள் உட்கார்ந்த அதே படிகளில் ஒரு நாட்டின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வாக்களித்தார்கள்.

வேலியை விட்டுச் சந்தைக்குப் போனேன். நாங் லோங் சந்தை 1900-ல் திறந்தது. படகுச் சந்தைகளே வழக்கமாக இருந்த நகரத்தில் தரையில் அமைந்த முதல் சந்தை என்பார்கள். கூரைக்குக் கீழே குழம்புக் கடைகள், பக்கத்தில் 1918-ல் கட்டிய சாலா சலெர்ம் தானி என்ற மரத் திரையரங்கு. இந்தப் பகுதியின் வாழைப்பழ வறுவல் பேர் போனது. எள்ளும் தேங்காய்த் துருவலும் கலந்த மாவில் தோய்த்து எண்ணெயில் போடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளகல். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, விற்ற அம்மாவிடம் கைபேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு திடலைப் பற்றிக் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்களாம். நிகழ்ச்சித் தாள் விற்பவர்கள், குறிப்பு விற்பவர்கள், மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள், ஜெயித்தவர்கள் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகும் பொட்டலங்கள். “தோற்றவர்களும் வாங்குவார்கள், வீட்டில் திட்டு விழாமல் இருக்க” என்றார் பக்கத்துக் கடைக்காரர். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் தம்பி லாயத்தில் வேலை பார்த்தவராம். இப்போது எங்கே என்று கேட்டேன். கோராட் போய்விட்டார் என்றார். மாகாணங்களில் சியாங் மாய், கோராட், கோன் கேன், உடோன் தானி, ரோய் எட் என்று பந்தயத்துக்குப் பேர் போன ஊர்கள் இருக்கின்றன. தொழில் தெரிந்தவன் அங்கேதான் போக முடியும்.

ஞாயிறு

மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் ஹென்றி டூனான் சாலை வாசலில் இருந்தேன். உறுப்பினர்களுக்கு ஒரு வழி, பொதுமக்களுக்கு ஒரு வழி. பொதுமக்கள் பக்கமே போனேன். சீட்டு மலிவு. பையைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரன் என்று யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே முதலில் பட்டது வயது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கால்சட்டைக்குள் செருகிய அரைக்கைச் சட்டை, கழுத்தில் ஈரத் துண்டு, காதில் செருகிய பேனா, கையில் நான்காக மடித்த நிகழ்ச்சித் தாள். பெண்களும் இருந்தார்கள், குழுக் குழுவாக, தங்களுக்கென்று பாய் விரித்துச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு. பப்பாளிக்காய் இடிக்கும் சத்தமும் கோழி சுடும் புகையும் வந்தன. இளைஞர்கள் மிகக் குறைவு. சூதாட விரும்பும் இளைஞனுக்குக் கைபேசியிலேயே கால்பந்து இருக்கிறது. சட்டத்துக்கு விரோதம் என்றாலும் எங்கும் இருக்கிறது. வெயிலில் வந்து குதிரையைப் பார்க்க அவனுக்குக் காரணமில்லை.

சட்டம் என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் 1935-ன் சூதாட்டச் சட்டம் பெரும்பாலான சூதுகளைத் தடுக்கிறது. அரசாங்க லாட்டரியும் உரிமம் பெற்ற திடலில் குதிரைப் பந்தயமும்தான் சாதாரண மனிதன் பயமில்லாமல் பணம் வைக்கக்கூடிய இடங்கள். பணம் வைக்க வேண்டியதும் சங்கத்தின் ஜன்னலில்தான். எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேரும். வரியும் சங்கத்தின் பங்கும் போக மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எனவே சனம் எந்தக் குதிரையை நம்புகிறதோ அதன் பலன் சுருங்கிக்கொண்டே வரும். அந்த எண்கள் திரையில் மாறிக்கொண்டே இருக்க, கூட்டம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் பார்க்க வந்தது வேறு. பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளையத்துக்குப் போனேன். வேலியோரம் ஒரு பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி, தடிக் கண்ணாடி. எல்லாரும் தாளைப் பார்த்துக் குதிரையைப் பார்க்க, இவர் குதிரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னேன். “லுங்” என்று கூப்பிட்டேன். வயதில் மூத்தவரை இங்கே மாமா முறை வைத்து அப்படித்தான் அழைக்கிறார்கள். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் மலர்ந்து, “இந்தியாவில் நல்ல குதிரைகள் உண்டு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். துறைமுகத்தில் வேலை பார்த்தவராம். ஆங்கிலம் கொஞ்சம், கை ஜாடை நிறைய.

அன்று மதியம் முழுக்க அவரோடுதான் இருந்தேன். அவர் கற்றுக்கொடுத்ததில் முதலாவது, நடையைப் பார்ப்பது. முன்னங்கால் பதிந்த தடத்தைப் பின்னங்கால் தாண்டி விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். நன்றாகத் தாண்டினால் இடுப்பு இளகியிருக்கிறது, ஓட மனசு இருக்கிறது. தடத்துக்குள்ளேயே விழுந்தால் எங்கோ பிடிப்பு. இரண்டாவது, வியர்வை. வெயிலில் கழுத்து நனைவது இயல்பு. பின்தொடைகளுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கட்டினால் அது பதற்றம். ஓடும் முன்பே சக்தி வடிகிறது. மூன்றாவது, காது. முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருந்தால் நல்லது, எல்லாவற்றையும் கவனிக்கிறது. ஒட்டிப் படிந்து கிடந்தால் கோபம் அல்லது வலி. பிறகு குதிரைக்காரப் பையனைப் பார்க்கச் சொன்னார். அவன் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடந்தால், அவனுக்கு அந்தக் குதிரையை நன்றாகத் தெரியும் என்று பொருள். இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால் இருவருக்குள்ளும் இன்னும் பழக்கமில்லை. கிண்டியில் எத்தனையோ காலைப் பயிற்சிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பையனைப் பார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆறாம் எண் குதிரை ஒன்று, கருஞ்சிவப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. லுங் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. திரையிலோ அதை யாரும் சீந்தவில்லை. ஜன்னலுக்குப் போய் ஐம்பது தாய்லாந்து பாத்துக்கு ‘பிளேஸ்’ சீட்டு ஒன்று எடுத்தேன். முதலிடம் வரவேண்டியதில்லை, முன்னணியில் வந்தால் போதும். லுங் தன் சீட்டைக் காட்டவில்லை. நல்ல பந்தயக்காரர் காட்டமாட்டார்.

பந்தயங்கள் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் தூரம். ஒன்றேகால் நிமிடம் போல. எதிர்ப்புறம், கோல்ஃப் மரங்களுக்குப் பின்னால் கதவுகள் திறந்தபோது சத்தம் கேட்கவில்லை, நிறங்கள் மட்டும் நகர்ந்தன. அறிவிப்பாளர் குரல் படிப்படியாக ஏறுகிறது. வளைவில் வரும் வரை கூட்டம் அமைதி. கடைசி நேர்ப்பாதையில் திரும்பியதும் எல்லாரும் எழுந்தார்கள். பெயர் சொல்லி யாரும் கத்தவில்லை, எண் சொல்லித்தான் கத்துகிறார்கள். அப்புறம் தரை வழியாக அந்த அதிர்வு வந்தது. அதைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. பத்துப் பன்னிரண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் நானூறு ஐந்நூறு கிலோ, புல் கட்டிகள் பின்னால் பறக்க, என்னிடமிருந்து சில அடி தூரத்தில் மூச்சிரைத்துக்கொண்டு போயின. ஆறாம் எண் வேலியோரமாக நுழைந்து வந்து மூன்றாவதாக முடித்தது. நான் குதித்தே விட்டேன். லுங் என் தோளைத் தட்டி, “கண்தான் பார்த்தது, தாள் அல்ல” என்றார்.

இதை மட்டும் எழுதினால் முழு உண்மையாகாது. ஐந்தாவது பந்தயத்துக்குப் பிறகு என் பின்வரிசையில் ஒருவர் தலையைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியாக இருக்க வேண்டும், அருகில் நின்று எதுவும் பேசாமல் பணப்பையை மூடினார். கைபேசியில் அடக்கமான குரலில் எண்கள் சொல்லிக்கொண்டிருந்த ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் வைத்த பணம் சங்கத்து ஜன்னலுக்குப் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரு குதிரை பந்தயம் முடிந்து நொண்டிக்கொண்டு திரும்பியது. ஜாக்கி உடனே இறங்கி, சேணத்தின் வாரைத் தளர்த்தி, கூடவே நடந்தார். கால்நடை மருத்துவர் வண்டி வந்தது. கூட்டம் அடுத்த தாளைப் புரட்டிவிட்டது. லுங் மட்டும் அந்தக் குதிரை லாயத்துப் பக்கம் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்று, அடுத்த பந்தயத்தில் சீட்டு எடுக்காமல் விட்டார். பணத்துக்காக மட்டும் வருகிறவர் அப்படிச் செய்யமாட்டார் என்பது என் கணிப்பு.

இடைவேளையில் இருவரும் பனிக்கட்டி போட்ட கறுப்புக் காப்பி குடித்தோம். வலப்பக்கம் உறுப்பினர் மாடத்தில் குளிரூட்டிய அறைகளின் கண்ணாடி மின்னியது. நாங் லோங் மூடிய பிறகு நடு ஞாயிறுகளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறேன் என்றார். அங்கேதான் தனக்கு நண்பர்கள் அதிகம், எல்லாரும் இங்கே வரவில்லை, சிலருக்கு இந்தத் திடல் அந்நியமாகப் படுகிறது, சிலர் இறந்துவிட்டார்கள் என்று விரல்களை மடக்கிக்கொண்டே சொன்னார். நேற்றுப் பார்த்த பூங்காவைப் பற்றிச் சொன்னேன். மன்னரின் சிலை என்பதால் கையைக் கூப்பினார். பிறகு, “அங்கே பேரன்களோடு நடக்கலாம், நல்லதுதான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “குதிரை இருந்தால் இன்னும் நல்லது” என்றும் சொன்னார்.

கடைசிப் பந்தயம் முடியும்போது வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் போயிருந்தது. தரை முழுக்கக் கிழித்துப் போட்ட சீட்டுகள். கிளம்பும் முன் நாளைய திட்டத்தைச் சொன்னேன்: பாக் சோங். லுங் உடனே நிமிர்ந்தார். “2020” என்றார். அதற்குமேல் ஆங்கிலத்தில் வரவில்லை. கையைப் பூச்சி மாதிரி பறக்கவிட்டுக் காட்டி, தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்தது, அதற்காகத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

திங்கள்

குருங் தேப் அபிவாத் நிலையத்திலிருந்து வடகிழக்கு ரயில். சமவெளி முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் பாக் சோங். நக்கோன் ராச்சசீமா மாகாணம், பேச்சு வழக்கில் கோராட். காற்றில் ஈரம் குறைவு, புல் உண்டு, மேடான நிலம். பால் மாடும் சீத்தாப்பழமும் குதிரையும் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. நிலையத்துக்கு வெளியே கூடை கூடையாகச் சீத்தாப்பழம்.

2020 பிப்ரவரிக் கடைசியில் இங்கே பந்தயக் குதிரைகள் சாகத் தொடங்கின. காலையில் தின்றுகொண்டிருந்த குதிரை மாலைக்குள் மூச்சுத் திணறும், கண்ணுக்கு மேல் குழி வீங்கும், மூக்கில் நுரை தள்ளும், விழும். மார்ச்சில் சோதனை முடிவு வந்தது: ஆப்பிரிக்கக் குதிரை நோய். தாய்லாந்து அதுவரை கண்டிராத நோய். குதிரையிலிருந்து குதிரைக்குத் தொற்றாது. கொசுவைவிடச் சின்னதான கியூலிகாய்டிஸ் என்ற பூச்சி கடித்துப் பரப்புகிறது. வரிக்குதிரையின் உடம்பில் இந்தக் கிருமி நோய் காட்டாமலே தங்கும் என்பதால், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வரிக்குதிரைகள் மேல் சந்தேகம் விழுந்தது. நோய் கண்டவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கவில்லை. நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. அதே மாதங்களில் மனிதர்களுக்குக் கொரோனா. செய்தித்தாள்களில் குதிரைகளுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

ஒரு லாயத்துக்குப் போக முன்பே அனுமதி கேட்டிருந்தேன். மேற்பார்க்கும் பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். “பீ” என்று அக்கா முறை வைத்தே பேசினேன். லாயத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்றும் நுண்ணிய வலை அடித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் வலை கடையில் கிடைக்கவில்லை, ஊர் முழுக்கத் தீர்ந்துவிட்டது. கொசுவலையை வெட்டித் தைத்தோம் என்றார். அந்திக்கும் விடியலுக்கும்தான் பூச்சி அதிகம் என்பதால் பொழுது சாயும் முன்பே குதிரைகளை உள்ளே அடைத்து, ஆட்கள் முறை வைத்து விழித்திருந்தார்களாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து தடுப்பூசி வந்தது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி, போட்ட பிறகும் தனிமையில் வைக்க வேண்டும். அவருடைய லாயத்தில் எத்தனை போயின என்று நான் கேட்கவில்லை. அவராகவே காலியாக இருந்த ஒரு வரிசையைக் காட்டினார். 2023 மார்ச்சில் உலக விலங்கு நல அமைப்பு தாய்லாந்தை நோயற்ற நாடு என்று மீண்டும் அறிவித்தது. அன்றைக்கு இங்கே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

நேற்று திடலில் வயதானவர்களே அதிகம் என்று எழுதினேன். இங்கே வேலை செய்கிற பையன்களும் பெண்களும் இருபதைச் சுற்றி இருந்தார்கள். இரண்டு வயதுக் குட்டி ஒன்றுக்கு முதல் முறையாகச் சேணம் வைத்தார்கள். மேலே யாரும் ஏறவில்லை. துணியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பிறகு சேணத்தை முதுகில் இறக்கி, வாரை ஒரே ஒரு ஓட்டை மட்டும் இறுக்கினார்கள். குட்டி சிலிர்த்தது. ஒரு பெண் அதன் நெற்றியில் கையை வைத்தபடி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம். பிறகு கழற்றிவிட்டார்கள், இன்றைக்கு இவ்வளவு போதும் என்று. பந்தயத்தில் ஓட இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார் பீ. அது ஓடும்போது பாங்காக்கில் திடல் இருக்குமா என்று கேட்டேன். “இருக்க வேண்டும். இவர்களுக்கு வேறு வேலை தெரியாது, இதற்கும் தெரியாது” என்று குட்டியைக் காட்டினார்.

இதைப் படித்துவிட்டுப் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாள் பார்க்காமல் போகாதீர்கள். எல்லா ஞாயிறும் பந்தயம் இல்லை, சங்கத்தின் பந்தய நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து திடல் தெரிந்தாலும் பந்தயத்துக்கான வாசல் மறுபக்கம், ஹென்றி டூனான் சாலையில். சுற்றி நடக்க நேரம் வையுங்கள். சில்லறை நோட்டுகள், தொப்பி, தண்ணீர். முதல் இரண்டு பந்தயங்களுக்குச் சீட்டு எடுக்காமல் குதிரைகளை நடத்தும் வளையத்திலேயே நில்லுங்கள். எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, அந்தப் பணத்தை மட்டும் கொண்டு போங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வேலியோரம் நின்றால், லுங் என்று கூப்பிட்டு வணக்கம் சொல்லுங்கள். பாக் சோங்கிலிருந்து எழுதுகிறேன், ரயில் வர இன்னும் அரை மணி இருக்கிறது. சீத்தாப்பழம் வாங்கியாயிற்று.